பதினாலு

“வேனுக்குள்ள யாராவது ஒருத்தர் இருக்கணுமேன்னுதான் சொல்றேன்,” என்றார் முதலாளியம்மா.

“அதுக்குத்தான் டிரைவர் இருக்காரே.”

“அவர் டீ குடிக்கப் போயிட்டார்னா?”

“போயிட்டு வரட்டும். வேன் என்ன, கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிடுமா?”

இஸ்திரி மேசைப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. முதலாளியம்மா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த கட்டிங் அக்காவிடம் திரும்பினார். அக்காவின் மடியில் வெள்ளைக் கோட்டு ஒன்று கிடந்தது. பேசிக்கொண்டே அதன் கை மடிப்பில் தொங்கிய நூலை வெட்டிக்கொண்டிருந்தாள், நகம் வெட்டத்தான் லாயக்கு என்று தோன்றும் ஒரு குட்டிக் கத்தரியால். அந்தக் கத்தரியைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

அது ஒரு சீருடைத் தையற்கூடம். மருத்துவமனைக்குக் கோட்டு, ஹோட்டலுக்கு ஏப்ரன், பஸ் கம்பெனிக்குச் சட்டை என்று பதினோரு பேர் வேலை செய்கிற இடம். கட்டடத்தின் அடித்தளத்தில், தெருமட்டத்துக்குக் கீழே இருந்தது. ஜன்னல்கள் கூரையை ஒட்டி நீளமாக ஓடும். அவற்றின் வழியே பார்த்தால் தெருவில் போகிறவர்களின் கணுக்கால்கள் மட்டும் தெரியும். அந்தக் கணுக்கால்களுக்குக் கீழே இருபத்தாறு வருஷம் நின்று துணி வெட்டியவள் அக்கா. அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி கட்டிங் அக்காதான்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, துணி உருளை ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு படி இறங்கும்போது, பதினேழு படிகளில் பதினோராவது படி காலை வாரிவிட்டது. இடது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே எஃகுக் கம்பி வைத்தார்கள். ஐந்து மாதம் வீட்டில். திரும்பி வந்தபோது அவளுக்கென்று மெத்தை போட்ட நாற்காலி ஒன்று காத்திருந்தது. செக்கிங் வேலை, நூல் வெட்டுவது, பட்டனை இழுத்துப் பார்ப்பது. கட்டிங் மேசையில் கண்ணாடி நின்றுகொண்டிருந்தாள். அவள் நாற்பதைத் தொடப் போகிறவள். சோடா பாட்டில் அடி போலத் தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் அந்தப் பெயர். ஒன்பது வருஷம் அதே மேசையில் அக்காவுக்கு எதிர்ப்பக்கம் நின்றவள்.

முதலாளியம்மா கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் நல்லவர், அதுதான் சிக்கல். அக்கா விழுந்த மறு வாரமே படிகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டினார், இன்னொரு கைப்பிடி வைத்தார். அக்கா படியில் கால் வைத்தால் போதும், எங்கிருந்தோ ஓடி வந்து இரண்டு படி தள்ளிக் கையை நீட்டியபடியே கூட வருவார், நடை பழகும் குழந்தைக்குப் பின்னால் வருவது போல. அக்காவின் பன்னிரண்டு அங்குலக் கத்தரியைக்கூட, கனமாயிற்றே என்று எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தார்.

அந்த வருஷம் கூடத்தில் எல்லோருமாக நகரத்தை ஒட்டிய குன்றுக்குப் போவதென்று பேச்சாகியிருந்தது. உச்சியில் கம்பித் தடுப்பு போட்ட ஒரு பாறை, காட்சி முனை என்று பெயர். அங்கிருந்து பார்த்தால் நகரம் மொத்தமும் விரிந்து கிடக்குமாம். பாதை எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரமாகும், என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று திட்டம் போடும் பொறுப்பை முதலாளியம்மா அக்காவிடம் கொடுத்தார். உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம் என்பது அவர் கணக்கு. திட்டம் போட்டவள் தானும் ஏறுவேன் என்று நிற்பாள் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

“வேன்ல உக்கார்றதுக்கு நான் எதுக்கு அவ்வளவு தூரம் வரணும்? இங்கேயே உக்காந்துக்கறேனே,” என்றாள் அக்கா. “நான் நடந்துதான் வருவேன்.”

“கால் என்னாகறது?”

“அதுவும் கூடத்தான் வரும். விட்டுட்டா வர முடியும்?”

“விளையாட்டுப் பேச்சு வேணாம் அக்கா. உங்களை நிக்க வைக்கவே எனக்குப் பயமா இருக்கு.”

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் காத்திருந்தாள். கோட்டை மடித்து வைத்தாள். “நிக்க முடியாதுன்னுதானே மேசையைத் தரலை? சரி. அந்தக் குன்றுல ஏறி இறங்கிட்டேன்னா?”

முதலாளியம்மா பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அடுத்த மாதம் ஒரு பெரிய மருத்துவமனை ஆர்டர் வருகிறது, முந்நூறு கோட்டு. அதற்குள் கட்டிங்குக்கு யார் என்று நிரந்தரமாக எழுதியாக வேண்டும். எழுதினால் எழுதினதுதான், பிறகு அழித்து எழுதுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

“எவ்வளவு தூரம் இருக்கும்?”

“அளந்து சொல்றேன்.”

“டாக்டர் விடற தூரமா இருந்து, நீங்களும் ஏறி, உங்க கால்லயே இறங்கி வந்துட்டீங்கன்னா, மேசை உங்களுது. ஆனா…”

“ஆனா வேணாம். முதல்ல சொன்னதோட நிறுத்திக்கங்க.”

“என் காதுல விழுந்துடுச்சு,” என்றார் இஸ்திரிக்காரர், ஆவிக்குப் பின்னாலிருந்து. “சாட்சி சொல்ல எப்ப கூப்பிட்டாலும் வரேன். டீ மட்டும் வாங்கிக் குடுத்தா போதும்.”

மறுநாள் அக்கா நடைபயணிகளுக்கான வரைபடம் ஒன்று வாங்கி வந்தாள். மதிய இடைவேளையில் கட்டிங் மேசை காலியாகும் நேரம் பார்த்து அதை விரித்து, நான்கு மூலையிலும் துணிக்கு வைக்கிற இரும்புக் கட்டிகளை வைத்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த மேசையை ஒட்டி நிற்கிறாள். மர விளிம்பு இடுப்பில் அதே பழைய இடத்தில் இடித்தது.

பாதை சிவப்புப் புள்ளிகளாக வளைந்து வளைந்து போயிற்று. அவளுக்கு வரைபடம் பார்த்துப் பழக்கமில்லை. ஆனால் வளைவு எங்கிருந்தாலும் வளைவுதானே. கழுத்துக்கும் கைக்குழிக்கும் அளப்பது போல டேப்பை விளிம்பில் நிறுத்தி, ஒவ்வொரு திருப்பத்திலும் கட்டைவிரலால் அழுத்தி, மெல்ல மெல்ல நகர்த்தினாள். பழுப்புக் கோடுகள் நெருங்கி நெருங்கி ஓடிய இடத்தைப் பார்த்து, “இங்க சுருக்கு ஜாஸ்தி வச்சிருக்கான். ஏத்தமா இருக்கும்,” என்று தானாகவே கண்டுபிடித்தாள். அது சரியாகவும் இருந்தது.

“பதினாலு,” என்றாள் கடைசியில்.

வரைபடத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது: ஒரு செ.மீ.க்கு நூறு மீட்டர். ஒன்றுக்கு நூறு என்றால் பதினாலுக்கு ஆயிரத்து நானூறு. ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை.

அந்தக் கூடத்தில் ஒரு விதி இருந்தது. கத்தரி விழுவதற்கு முன்னால் எந்த அளவையும் இரண்டு கை பார்க்க வேண்டும். பார்த்த இருவரும் ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். குன்றை யாரும் வெட்டப் போவதில்லை என்றாலும் விதி விதிதான். அக்கா கூப்பிட்டாள். கண்ணாடி வாயில் ரொட்டியோடு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, தன் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து முதலிலிருந்து அளந்தாள்.

“பதினாலு. நூலளவும் கூடக் குறைய இல்லை.”

இருவரும் மூலையில் கையெழுத்துப் போட்டார்கள். போட்ட பிறகும் கண்ணாடி நகராமல் நின்றாள். “நீங்க ஏறிடுவீங்க அக்கா,” என்றாள். சொன்னது சந்தோஷத்திலா வருத்தத்திலா என்று கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது.

எலும்பு டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். “போக வர மொத்தமா மூணு கிலோமீட்டர். இப்போதைக்கு அதுக்கு மேல ஒரு அடி வைக்கக் கூடாது,” என்றார். போக ஆயிரத்து நானூறு, வர ஆயிரத்து நானூறு. இருநூறு மீட்டர் மிச்சம். தையலுக்கு உள்ளே விட்ட துணி மாதிரி அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் நகரப் பேருந்து ஓட்டுநர். வீட்டில் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். பாதி கிண்டல், பாதி மரியாதை. எது எந்தப் பாதி என்று முப்பது வருஷமாக அவளுக்குப் பிடிபடவில்லை. வரைபடத்தைப் பார்த்ததும் அவருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. டிப்போவில் கொடுக்கும் நேர அட்டவணை போலவே ஒன்று எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். அடிவாரம் புறப்பாடு ஒன்பது மணி. காட்சி முனை சேருதல் ஒன்பது நாற்பது. நிறுத்தம் இருபது நிமிடம். அடிவாரம் சேருதல் பத்து நாற்பது.

“இருபது நிமிஷம் போதுமா? பார்க்கத்தானே போறோம்?”

“அதுக்கு மேல நின்னா பின்னால வர்ற பஸ் வந்துடும் மாஸ்டர்.”

மூன்று வாரம், தினமும் சாயங்காலம், அவர்கள் இருந்த குடியிருப்பைச் சுற்றி இருவரும் நடந்தார்கள். முதல் வாரம் நான்கு சுற்று, அப்புறம் ஆறு, அப்புறம் ஒன்பது. வலித்தால் சொல் என்று அவர் சொல்லியிருந்தார். அவள் சொல்லவில்லை, வலிக்கும்போதெல்லாம் அன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்பாள். இரண்டே நாளில் அவருக்கு அந்த ரகசியம் புரிந்துவிட்டது. “வீட்டுல போய்ப் பார்த்துக்கலாம், இப்ப இந்த பெஞ்சுல உக்காரு,” என்பார்.

சுற்றுலாவுக்கு முந்தின ஞாயிறு இருவர் மட்டும் போய் ஒருமுறை நடந்து பார்ப்பதென்று முடிவாயிற்று. “ட்ரயல் பார்க்காம ஒரு கோட்டும் என் கையை விட்டுப் போனதில்லை,” என்றாள் அக்கா. கடைசி நிறுத்தம் வரை பஸ்ஸில் போனார்கள். பயணியாக உட்கார்ந்தால் அவருக்கு வலது கால் சும்மா இருக்காது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தரையில் பிரேக் அழுத்திக்கொண்டே வந்தார்.

பாதை மண்ணும் சரளையுமாக இருந்தது. இரண்டு பக்கமும் மரங்கள். அரை கிலோமீட்டருக்கு ஒரு கல் நட்டு எண் எழுதியிருந்தார்கள். முதல் கல் வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. இரண்டாவது கல்லில் ஒரு நிமிடம் நின்றாள். வலது கையில் புது ஊன்றுகோல், இடது தொடைக்குள் பழைய கம்பி. இரண்டுக்கும் நடுவில் அவள் ஒரு தாளம் கண்டுபிடித்திருந்தாள். குச்சி, இடது, வலது. குச்சி, இடது, வலது. தையல் இயந்திரத்தின் மிதி போல அது தானாக ஓட ஆரம்பித்த பிறகு, அடுத்த திருப்பத்தில் பாறை, அடுத்த திருப்பத்தில் தடுப்புக் கம்பி, அதற்கப்பால் நகரம் என்று மனம் அவளுக்கு முன்னால் போய்விட்டது. மேலிருந்து பார்த்தால் தையற்கூடம் எங்கே இருக்கும்? அடித்தளத்தை எப்படிப் பார்ப்பது? அதன் மேலே நிற்கிற கட்டடம் தெரிந்தால் போதும். இருபத்தாறு வருஷம் தலைக்கு மேல் நின்றதை ஒருமுறையாவது குனிந்து பார்க்க வேண்டும்.

திருப்பம் வந்தது. மூன்றாவது கல் வந்தது, ஒன்றரை என்று எழுதியிருந்தது. பாறை வரவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு, அதற்கு மேலே மரப்பலகையில் அம்புக்குறி: காட்சி முனை, 2 கி.மீ.

“யாரோ பலகையை மாத்தி நட்டிருக்காங்க,” என்றார் புருஷன்.

மேலேயிருந்து ஒரு பெண் மெல்ல ஓடி வந்தாள். காதில் ஒரு பாட்டு, கையில் தண்ணீர் பாட்டில். அவளை நிறுத்திக் கேட்டார்கள். “இன்னும் பாதிக்கு மேல இருக்கும்மா,” என்று சொல்லிவிட்டு அவள் நின்ற இடத்திலேயே இரண்டு குதி குதித்து, கீழே போய்விட்டாள்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து வரைபடத்தை எடுத்தாள், டேப்பை எடுத்தாள். டேப் இல்லாமல் அவள் எங்கேயும் போனதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோதுகூடத் தலையணைக்கடியில் இருந்தது. மடியில் விரித்து அளந்தாள். பதினாலு. அவர் பின்னாலிருந்து குனிந்து பார்த்தார்.

“மாஸ்டர், சென்டிமீட்டர்னா கட்டம் இவ்வளவு பெருசாவா இருக்கும்?”

அவள் டேப்பை மெதுவாகத் திருப்பினாள். அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு என்பதையே அவள் மறந்து போயிருந்தாள். மஞ்சள் பக்கம் அங்குலம், வெள்ளைப் பக்கம் சென்டிமீட்டர். தையற்கூடத்தில் மார்பு முப்பத்தெட்டு, கை இருபத்துமூணு என்றால் அது அங்குலம்தான். யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதில்லை. வெறும் எண்தான் பேச்சு. வெள்ளைப் பக்கத்தில் பாதை முப்பத்தைந்தரைக்கு வந்தது. மூவாயிரத்து ஐந்நூற்று ஐம்பது மீட்டர். போக வர ஏழு கிலோமீட்டருக்கு மேல்.

“கண்ணாடியும் அளந்தாளே,” என்றாள். பிறகு அவளே சொன்னாள், “அவ கழுத்துல தொங்கறதும் இதே டேப்தான். எங்க கூடத்துல யாரு அளந்தாலும் பதினாலுதான் வரும்.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்தார். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. “பரவாயில்ல. இந்த மரத்து சந்துல ஒரு புகைபோக்கி தெரியுது பாரு. இதையே காட்சி முனைன்னு சொல்லிடலாம்.”

“சும்மா இருங்க.”

“இல்ல, அடிவாரத்துல இருக்கற தண்ணித் தொட்டிக்குப் பின்பக்கமா ஒரு ரோடு போகுது. ஜீப் போற ரோடு, அந்த டிரைவர் எனக்குத் தெரிஞ்சவன். கூட்டம் கிளம்பறதுக்கு முன்னாடியே உன்னை மேல கொண்டுபோய் இறக்கிட்டா, நீ முதல்ல ஏறி உக்காந்திருக்கன்னு நினைச்சுப்பாங்க.”

“ஜீப்ல போய் வாங்கின மேசையில நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கறது?”

அவர் உரித்த சுளையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள், சாப்பிடவில்லை. கால் அவளைப் பயமுறுத்தவில்லை. கால் இன்றைக்கு முடியாவிட்டால் நாளைக்கு முடியும். அளவு தப்பின கட்டர் என்று ஒரு பெயர் வந்துவிட்டால்? முந்நூறு கோட்டை யார் நம்பிக் கொடுப்பார்கள்? வாயை மூடிக்கொண்டிருந்தாலோ, வரும் ஞாயிறு மொத்தக் கூடமும் இரண்டு பாட்டில் தண்ணீரோடு இந்தப் பெஞ்சு வரை வந்து, இதே பலகையைப் பார்த்து நிற்கும். அவர்களில் இரண்டு பேருக்கு முட்டி வலி. ஒருத்தருக்கு ஆஸ்துமா.

ஒன்றரை வந்தாயிற்று, ஒன்றரை போக வேண்டும். மூன்று. டாக்டர் கொடுத்ததில் ஒரு அடிகூட மிச்சமில்லை. எழுந்து, பலகை வரைக்கும் போய், அம்புக்குறியை ஒரு தடவை விரலால் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

“கிளம்பலாம்,” என்றாள். “ட்ரயல்ல தெரிஞ்சுதே, அதுவே போதும்.”

அன்று சாயங்காலம் வீட்டில் பழுப்புக் காகிதம் ஒன்றை விரித்து, பென்சிலும் அளவுகோலுமாக உட்கார்ந்தாள். அவர் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தன் அட்டவணையைக் கிழித்து எடுத்தார், கொஞ்சம் வருத்தத்தோடு.

“ஒண்ணு சொல்லட்டுமா? நாளைக்கு நீ எதுவும் சொல்லாத. மேப்பைக் குடுத்து, முதல்ல முதலாளியம்மாவையே அளக்கச் சொல்லு. அவங்களும் பழைய டெய்லர்தானே? பதினாலுன்னுதான் சொல்வாங்க. அப்புறம் உன்னை எதுவும் கேக்க முடியாது.”

நல்ல யோசனைதான். அதனால்தான் அவள் பென்சிலை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் அதைப் பற்றி நினைத்துப் பார்த்தாள். “வேணாம்,” என்றாள். “என் தப்புக்கு அவங்களை இழுத்துவிட்டு நான் தப்பிச்சேன்னு இருக்கக் கூடாது.”

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எலும்பு டாக்டரின் அறை வாசலில் முதல் ஆளாக நின்றாள். அவர் காலைப் பார்த்தார், வீக்கமில்லை. பழுப்புக் காகிதத்தைப் பார்த்தார். வாரத்துக்கு முக்கால் கிலோமீட்டர் கூட்டி, ஆறு வாரத்தில் ஏழுக்கு மேல் என்று போட்டிருந்தது. அவர் ஆறை அடித்து எட்டாக்கினார். “வாரத்துக்கு அரை கிலோமீட்டர்தான் கூட்டணும். எட்டு வாரம் முடிஞ்சா ஏழு கிலோமீட்டர்.”

“ஏழும், அதுக்கு மேல ஒரு நூறு மீட்டரும் ஆகுது டாக்டர்.”

“அந்த நூறு மீட்டரை நீங்க பேசியே நடந்துடுவீங்க,” என்று சொல்லி அடியில் கையெழுத்துப் போட்டார்.

பத்தரை மணிக்கு டீ வந்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அக்கா மெத்தை நாற்காலியிலிருந்து எழுந்து, கட்டிங் மேசைக்குப் போய் வரைபடத்தை விரித்தாள்.

“முதலாளியம்மா, கொஞ்சம் வரீங்களா? எல்லாரும் இருக்கும்போதே சொல்லிடறேன். குன்றுக்கு நான் போட்ட அளவு தப்பு. ஒன்றரை இல்லை. மூன்றரை கிலோமீட்டர், போக மட்டும்.”

டீ கிளாஸ்கள் அங்கங்கே நின்றன. முதலாளியம்மா வேகமாக வந்தார்.

“எப்படித் தப்பாகும்? நீங்க அளந்து தப்பாகுமா? இங்க குடுங்க.”

காரணத்தைச் சொல்ல அக்கா வாயெடுப்பதற்குள் அவர் டேப்பை வாங்கிவிட்டார். பதினைந்து வருஷமாக அவர் துணியைத் தொட்டு அளந்ததில்லை, கைக்கு மட்டும் எதுவும் மறக்கவில்லை. விளிம்பில் நிறுத்தி, கட்டைவிரலால் அழுத்தி, அக்காவைவிட வேகமாகவே உச்சியைத் தொட்டார்.

“பதினாலு. நீங்க சொன்னதுதானே? ஒன்றுக்கு நூறு. சரியாத்தானே இருக்கு?”

அக்காவுக்கு உள்ளுக்குள் ஏதோ இளகியது, ஆனால் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டாள். டேப்பின் நுனியைப் பிடித்து, துணியை மறுபக்கம் திருப்புவது போல நிதானமாகத் திருப்பிக் காட்டினாள். முதலாளியம்மா வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தார். அடியில் இருந்த பொடி எழுத்தைப் பார்த்தார். மறுபடி டேப்பைப் பார்த்தார்.

“நல்லவேளை,” என்றார் இஸ்திரிக்காரர், “குன்றுக்குக் கோட்டு தைக்க ஆர்டர் எடுக்கலை. முட்டிக்கு மேலயே நின்னிருக்கும்.”

சிரிப்பு வெடித்தது. முதலாளியம்மாவுக்கும் உதடு துடித்தது; அடக்கிக்கொண்டார். அப்போது கண்ணாடி ஒரு அடி முன்னால் வந்தாள்.

“ரெண்டாவது கை நான்தான். மூலையில என் கையெழுத்து இருக்கு பாருங்க.” மூக்கிலிருந்து வழுக்கிய கண்ணாடியை விரலால் ஏற்றினாள். “எனக்கும் இந்த மேசை வேணும்தான், இல்லன்னு சொல்லலை. ஆனா அளவு தப்புன்னு சொல்லி அக்காவை எடுத்தா, என்னையும் சேர்த்துத்தான் எடுக்கணும்.”

“அளவைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே,” என்றார் முதலாளியம்மா. தன் கையிலிருந்த டேப்பை அவசரமாக மேசையில் வைத்தார். குரல் தணிந்தது. “அளவு இல்லக்கா பிரச்சனை. ஏழு கிலோமீட்டரை உங்க டாக்டரே ஒத்துக்க மாட்டார். ஏரிப் பூங்காவுக்குப் போயிடுவோம். சமதரை, பெஞ்சு இருக்கு, நீங்களும் வரலாம். அந்த ஏறி இறங்கற பேச்சை விட்டுடுவோம். நான் பாட்டுக்கு அன்னைக்கு ஏதோ சொல்லிட்டேன்.”

“நான் கேட்டேனே,” என்றார் இஸ்திரிக்காரர், இந்தத் தடவை சிரிக்காமல்.

அக்கா மடித்து வைத்திருந்த பழுப்புக் காகிதத்தை வரைபடத்தின் மேல் விரித்தாள். எட்டு வாரம், எட்டுக் கட்டம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு தூரம், எங்கே உட்காருவது என்று எழுதியிருந்தது. ஓரத்தில் குன்றுப் பாதையும் அதன் கற்களுமாக ஒரு படம்; நான்காவது கல்லுக்குப் பக்கத்தில் ‘இஸ்திரிக்காரர் முட்டி: இங்கே பத்து நிமிடம்’ என்று இருந்தது, ஆறாவதில் ஆஸ்துமாக்காரிக்கு நிழல். அடியில் டாக்டரின் கையெழுத்து.

“வர்ற ஞாயிறு ஏரிக்குப் போங்க. நானும் வரேன், ஏரியைச் சுத்திட்டு வரேன். ஒன்பதாவது ஞாயிறு குன்று. அளவு இந்தத் தடவை வெள்ளைப் பக்கம். ரெண்டு கை இல்லை, மூணு கை பார்க்கட்டும்.”

“அதுக்குள்ள மருத்துவமனை ஆர்டர் வந்துடுமேக்கா.”

“வரட்டும். கண்ணாடி வெட்டட்டும். நான் எதிர்ப்பக்கம் நின்னு துணி விரிக்கறேன், கால் வலிச்சா உக்காருவேன். நிரந்தரம்னு மட்டும் எழுதாம ஒன்பதாவது ஞாயிறு வரைக்கும் அந்தக் கட்டத்தைக் காலியா விடுங்க.”

முதலாளியம்மா காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். எட்டுக் கட்டங்களிலும் விரல் ஒவ்வொன்றாகப் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒருவரின் கணுக்கால்கள் நின்று, யோசித்து, நகர்ந்தன. டீ ஆறிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் முன்னால் உட்கார யாருக்கும் மனம் வரவில்லை.

அக்கா கழுத்திலிருந்து குட்டிக் கத்தரியின் கயிற்றைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிறகு முதலாளியம்மாவின் மேசை வரைக்கும் நடந்தாள். ஊன்றுகோல் நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தது. அதை எடுக்க அவள் மறந்திருந்தாள், அல்லது மறக்கவில்லை. பழக்க தோஷத்தில் இரண்டு எட்டு பின்னால் கையை நீட்டியபடியே முதலாளியம்மாவும் போனார். இழுப்பறைக்கு முன்னால் அக்கா நின்று திரும்பினாள்.

“ரொம்ப நாளா சும்மா கிடக்கு, மழுங்கிப் போயிருக்கும். எட்டு வாரத்துக்குள்ள சாணை பிடிச்சு, கைக்குப் பழக்கி வைக்கணும்,” என்றாள். “என் கத்தரியை எடுத்துக் குடுங்க முதலாளியம்மா.”